உப்புத்தண்ணி மீன் ஏன் சாகுது? - ஓர் அப்பா, ஒரு மகன், நூறு வருஷம்

உப்புத்தண்ணி மீன் தொட்டி வைக்கிற ஆசை வந்தவங்க கிட்ட விசாரிச்சுப் பாருங்க, அநேகமா எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வாங்க. புதுத் தொட்டி, புது உப்பு, பளிங்கு மாதிரி தண்ணி. மீனை விட்ட முதல் நாள் ஜாலியா நீந்தும். ரெண்டாம் நாள், மூணாம் நாள் நல்லா தின்னும். ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு ஒரு காலையில பார்த்தா மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். செவுள் சிவந்திருக்கும். சாயங்காலம் ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு வீட்டுக்கு வர்றதுக்குள்ள மொத்தமும் குளோஸ். தண்ணி மட்டும் அப்பவும் பளிங்கு மாதிரியே இருக்கும்.

இங்கேதான் என்னை மாதிரி பொட்டி தட்டுற ஆளுக்கு ஆர்வம் வருது. முதல் நாளே செத்தா காரணம் தேடறது சுலபம்: குழாய்த் தண்ணியில குளோரின் இருந்திருக்கும், எங்கேயாவது செம்பு கரைஞ்சிருக்கும், உப்பின் அளவு தப்பியிருக்கும், இல்லேன்னா பிலிப்பைன்ஸ் பக்கம் சயனைடு தெளிச்சுப் பிடிச்ச மீனா இருந்திருக்கும். ஒவ்வொண்ணா, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோட செத்தா ஒட்டுண்ணி. ஆனா நல்லா இருந்த மீன் எல்லாம், எதையுமே மாத்தாதப்போ, பத்தாம் நாள் பக்கமா சேர்ந்து சாகுதுன்னா? நம்ம பாஷையில சொன்னா, கோடுல ஒரு வரி கூட மாத்தல, புரொடக்‌ஷன் பத்து நாள் ஓடிட்டுப் படுத்துடுச்சு. அப்போ உள்ளே ஏதோ ஒண்ணு சத்தமில்லாம சேர்ந்துக்கிட்டே வருதுன்னு அர்த்தம்.

அது என்னன்னு இன்னைக்கு மீன் கடைப் பையன் கூடச் சொல்லிடுவான். அம்மோனியா. ஆனா இதைக் கண்டுபிடிச்சு மீன் வளர்க்கிறவன் கையில கொண்டு வந்து சேர்க்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதையில ஓர் அப்பாவும் மகனும் வர்றாங்க. பிரச்சினையைத் தொட்டியில அடைச்சு வச்சது அப்பா. விடைக்குப் பக்கத்துல போனது மகன். ரெண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் தோணலைங்கறதுதான் வயித்தெரிச்சல்.

அப்பா பேரு ராபர்ட் வாரிங்டன் (1807–1867). லண்டன் வேதியியலாளர். 1841ல் கெமிக்கல் சொசைட்டி தொடங்கினப்போ ஓடியாடி ஆள் சேர்த்தவர். 1842லிருந்து அப்போதிக்கரீஸ் ஹாலில், அதாவது மருந்து தயாரிப்பவர்கள் சங்கத்தில் வேலை. குடித்தனமும் அங்கேயே. 1849ல் மனுஷன் ஒரு 12 காலன் கண்ணாடிப் பாத்திரத்துல (நம்ம கணக்குல சுமார் 55 லிட்டர்) ரெண்டு தங்கமீனை விட்டு, வாலிஸ்நேரியாங்கற நீர்ச்செடியை நட்டார். கொஞ்ச நாள்ல செடியோட பழைய இலை அழுகித் தண்ணி கலங்கிச்சு. உடனே குளத்து நத்தை அஞ்சாறைக் கொண்டு வந்து போட்டார். நத்தை அழுகினதைத் தின்னுச்சு, தண்ணி தெளிஞ்சுது, மீன் பிழைச்சுது. 1850ல் இதைக் கட்டுரையா எழுதி சொசைட்டியில வாசிச்சார்.

அவர் சொன்ன விளக்கம் அழகானது. மீன் கரியமில வாயுவை விடுது, செடி அதை வாங்கிக்கிட்டு ஆக்சிஜன் தருது, நத்தை துப்புரவுப் பணி. எல்லாம் சமநிலை. கண்ணாடிக்குள்ள ஒரு குட்டி உலகம். படிச்சவங்க சொக்கிப் போயிட்டாங்க. 'சமநிலைத் தொட்டி'ங்கற இந்த எண்ணம்தான் அடுத்த நூறு வருஷத்துக்கு மீன் வளர்ப்போட வேதவாக்கு.

இதுக்கு முன்னாடியும் ஆளுங்க இருந்தாங்க, அவங்களை விட்டுட்டுப் போனா பாவம். 1830களில் சிசிலித் தீவின் மெசினாவில் ழான் வில்ப்ரூ-பவர் கடல் உயிரினங்களைக் கண்ணாடித் தொட்டியில வச்சுப் பார்த்திருக்கார். 1846ல் அன்னா தின் அப்படிங்கற லண்டன் அம்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து பவளங்களைத் தூக்கிட்டு வந்திருக்கார். எப்படி? ஊசி நூலால பஞ்சுப்பாசியில வச்சுத் தைச்சு, ஜாடியில போட்டு! லண்டன்ல கடல் தண்ணிக்கு எங்கே போறது? வீட்டு வேலைக்காரப் பொண்ணு தினமும் ஜன்னல் பக்கம் நின்னு அந்தத் தண்ணியை இந்தப் பாத்திரத்துக்கும் அந்தப் பாத்திரத்துக்குமா ஆத்தணும், நம்ம டீக்கடை மாஸ்டர் மாதிரி. பவளம் மூணு வருஷம் போல இருந்திருக்கு. அந்தப் பொண்ணோட பேரை எந்தப் புத்தகத்திலயும் நான் பார்க்கல. உலகத்தின் முதல் ஏர் பம்ப்னு அவங்களைத்தான் சொல்லணும்.

சரி, மேட்டருக்கு வருவோம். வாரிங்டனோட தங்கமீன் நிஜமாவே பிழைச்சுது. ஆனா அதுக்கு அவர் நினைச்ச காரணம் பாதிதான் சரி. மீன் சாப்பிடுற புரதத்துல இருக்கிற நைட்ரஜனைப் பெரும்பாலும் அம்மோனியாவா, செவுள் வழியாவே வெளியே தள்ளுது. மனுஷனுக்கு யூரியா மாதிரி மீனுக்கு அம்மோனியா. நல்லா வளர்ற நீர்ச்செடி அந்த அம்மோனியாவையே உரமா உறிஞ்சிக்கும். ஆக நல்ல தண்ணித் தொட்டியில செடி ஆக்சிஜன் மட்டும் தரல, விஷத்தையும் எடுத்துக்கிட்டு இருந்துது. அது யாருக்கும் தெரியாது. இன்னொண்ணு, நல்ல தண்ணியோட பி.எச். 7 பக்கம் இருந்தா அம்மோனியாவில் மிகப் பெரும்பகுதி அவ்வளவா ஆபத்தில்லாத அம்மோனியம் வடிவத்துல கிடக்கும்.

கடல் தண்ணி அப்படியில்லை. பி.எச். 8.2 பக்கம். அதே அளவு அம்மோனியா இருந்தாலும், செவுளுக்குள்ள ஊடுருவுற விஷ வடிவம் பத்து மடங்குக்கும் மேல. வாலிஸ்நேரியா உப்புத்தண்ணியில வளராது. கடல் பாசிகளோ லண்டன் வெளிச்சத்துல பாதிக்கு மேல அழுகிப்போய் இன்னும் கொஞ்சம் அம்மோனியா சேர்த்துச்சு. 1853ல் வாரிங்டனே கடல் தொட்டி பத்தி எழுதினார், எந்தப் பாசி தாங்குதுன்னு தேடித் தேடி. அவர் தேடினது முழுக்க ஆக்சிஜனை. கொன்னது வேற ஆள்.

இதே சமயம் பிலிப் ஹென்றி காஸ் என்பவரும் டெவன் கடற்கரையில தனியா இதையே செஞ்சுக்கிட்டு இருந்தார். 1853 மே மாதம் லண்டன் மிருகக்காட்சி சாலையில மீன் காட்சியகம் திறந்தாங்க, அதுக்கு உயிரினம் பிடிச்சு அனுப்பியது இவர். 1854ல் 'தி அக்வேரியம்' புத்தகம். அந்த வார்த்தையை இந்த அர்த்தத்துல புழக்கத்துக்குக் கொண்டு வந்ததும் இவர்தான். நாலு உப்பைக் கலந்து செயற்கைக் கடல் தண்ணி செஞ்சும் காட்டினார். சாதா உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. எனக்குப் பிடிச்ச இடம் இதுக்கு அடுத்தது. தண்ணியைக் கலந்ததும் உயிரினங்களைப் போடல. கடற்கரையிலிருந்து எடுத்து வந்த, பச்சைப்பாசி ஒட்டின கற்களை முதல்ல போட்டு ஒரு வாரம் போல விட்டு வச்சார். பாசி விதை பரவட்டும்னு அவர் நினைப்பு. அந்தக் கல்லோட இன்னொரு கூட்டமும் ஓசியில உள்ளே வந்துதுன்னு அவருக்குத் தெரிய வழியே இல்லை.

புத்தகம் படிச்ச ஊர் ஜனம் எல்லாம் அந்த ஒரு வாரம் பொறுக்கலை. 1850களில் இங்கிலாந்துல மீன் தொட்டிப் பைத்தியம் பிடிச்சு ஆடுச்சு. ரயில்ல கடல் தண்ணி வரவழைச்சாங்க. கடலோரம் போற குடும்பமெல்லாம் கையில ஜாடி. கொண்டு வந்து போட்டதெல்லாம் செத்து நாறிச்சு, திரும்பப் போய் அள்ளிட்டு வந்தாங்க. பத்துல ஒன்பது தொட்டி கைவிடப்பட்டுச்சுன்னு 1868ல் ஜே. ஜி. வுட் என்ற பாதிரியார் எழுதியிருக்கார். காஸோட மகன் எட்மண்ட் காஸ் 1907ல் வெளியிட்ட 'ஃபாதர் அண்ட் சன்' புத்தகத்துல, அப்பாவோட சின்ன வயசுல பார்த்த பாறைக்குளங்கள் எல்லாம் அள்ளி அள்ளியே பாழாப் போச்சுன்னும், தன் புத்தகங்கள் வந்த வினையைப் பார்த்து அப்பா மனசு நொந்தார்னும் எழுதுறார். ஒரு வேதியியல் கேள்விக்குப் பதில் தெரியாததால ஒரு கடற்கரையே காலியாச்சு.

பதில் தெரியாமலே ஜெயிச்ச ஒரு பார்ட்டியும் உண்டு. வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். லண்டன்ல மீன் தொட்டிக் கடை வச்சிருந்தவர், அப்புறம் ஹாம்பர்க் போனார், 1871ல் கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்தைக் கட்டினார். காட்சித் தொட்டிகளுக்குக் கீழே, அதைவிடப் பல மடங்கு பெரிய இருட்டு நீர்த்தேக்கம் ஒண்ணு. தண்ணி ராப்பகலா பம்ப் ஆகி மேலே போய்க் கீழே வரும். கடல் தண்ணியை மாத்தத் தேவையில்லை, சுத்த விட்டா போதும், பழசாக ஆக நல்லாயிடும்னு அடிச்சுச் சொன்னார். காத்துல இருக்கிற ஆக்சிஜன் அழுக்கை எரிச்சிடுதுங்கறது அவர் விளக்கம். மத்தவங்க சிரிச்சாங்க. மீன் சாகலை.

சரி, 'பழசாக ஆக நல்லாயிடும்' என்றால் என்ன? இதைத் தொட்டி வச்சிருக்கிற யாரும் கேட்கலை. சாக்கடை வச்சிருந்தவங்க கேட்டாங்க!

1877, பிரான்ஸ். ஸ்லோசிங், முன்ட்ஸ்னு ரெண்டு விவசாய வேதியியலாளர்கள். மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பின நீளக் குழாயில சாக்கடைத் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டாங்க. முதல் 20 நாள் மேலே போன அம்மோனியா அப்படியே கீழே வந்துது. இருபது நாளுக்கு அப்புறம் அம்மோனியா குறைஞ்சு நைட்ரேட் வர ஆரம்பிச்சுது. அப்புறம் மொத்தமும் நைட்ரேட்தான். வெறும் வேதிவினைன்னா முதல் நாளே நடக்கணுமே, இருபது நாள் எதுக்குக் காத்திருக்கணும்? அதனால குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே விட்டாங்க. நைட்ரேட் நின்னு போச்சு. குளோரோஃபார்மை நிறுத்திட்டு, தோட்டத்து மண் அலசின தண்ணியைக் கொஞ்சம் ஊத்தினதும் திரும்ப ஆரம்பிச்சுது. மயக்க மருந்து குடுத்தா படுத்துக்குதுன்னா அது உயிருள்ள ஜந்துதானே! என்ன மாதிரி ஒரு டெஸ்ட் கேஸ் பாருங்க. கை தட்டத் தோணுது.

இப்ப அந்தக் குழாயை மீன் தொட்டின்னு வச்சுக்கங்க. அந்த 20 நாள்தான் நம்ம மீனைக் கொல்ற நாள்.

இதைப் படிச்சுட்டு இங்கிலாந்தில உடனே வேலையில இறங்கினவர் ரோதாம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்து வேதியியலாளர் ஒருத்தர். அவர் பேரும் ராபர்ட் வாரிங்டன் (1838–1907). ஆமா, நம்ம தங்கமீன் வாரிங்டனோட மகன். அப்பா தொட்டி வச்சப்போ பையனுக்குப் பத்து, பதினொரு வயசு. அப்போதிக்கரீஸ் ஹால் வீட்டிலேயே வளர்ந்து, அப்பாகிட்டயே வேதியியல் கத்துக்கிட்ட பையன்.

மகன் 1878லிருந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல இதே வேலையா இருந்தார். அவர் பிடிச்ச விஷயங்களைப் பாருங்க. ஒண்ணு, இந்தக் கிருமி இருட்டுல நல்லா வேலை செய்யுது, வெளிச்சத்துல மந்தமாயிடுது. (லாயிடோட இருட்டு நீர்த்தேக்கம் ஞாபகம் வருதா?) இன்னொண்ணு பெரிசு. இது ஒரே ஆள் செய்யற வேலை இல்லை. அவரோட சில கரைசல்கள் அம்மோனியாவை நைட்ரைட் வரைக்கும் கொண்டு போய் நிறுத்திக்கும். வேற சில கரைசல்கள் அம்மோனியாவைத் தொடாது, நைட்ரைட்டை மட்டும் நைட்ரேட் ஆக்கும். ஆக ரெண்டு படி, ரெண்டு வேற வேற கிருமி. புதுத் தொட்டியில முதல்ல அம்மோனியா ஏறி இறங்கும், அது இறங்குற நேரத்துல நைட்ரைட் ஏறி இறங்கும், கடைசியில நைட்ரேட் மட்டும் நிக்கும், மொத்தம் நாலிலிருந்து ஆறு வாரம்னு இன்னைக்கு டெஸ்ட் கிட் வச்சுப் பார்க்கிறோமே, அதே வரைபடம்தான். ரோதாம்ஸ்டெட்ல கோதுமை வயலுக்காக 1880களில் கண்டுபிடிச்சாச்சு.

ஆனா கிருமியை மட்டும் தனியா பிரிச்சுக் காட்ட முடியலை. அன்னைக்கு ராபர்ட் கோக் சொல்லிக் கொடுத்த முறைதான் எல்லாருக்கும்: ஜெலட்டின் மேல பரப்பு, புள்ளி புள்ளியா வளரும், ஒண்ணை எடு. மகன் எத்தனை தடவை பரப்பியும், வளர்ந்ததெல்லாம் வேற கிருமி. காரணத்தை 1890ல் ஜூரிக்கில் இருந்த செர்கே வினோகிராட்ஸ்கி போட்டு உடைச்சார். இந்த ஆளுங்க ஜெலட்டின் மாதிரி கரிமச் சாப்பாடு சாப்பிடறவங்களே இல்லை. அம்மோனியாவை எரிச்சு வர்ற சக்தியில கரியமில வாயுவிலிருந்து உடம்பைக் கட்டிக்கிறவங்க. வெறும் தாது உப்புக் கரைசல்ல வளர்த்து, அப்புறம் சிலிக்கா கூழ்ல பரப்பிப் பிரிச்சார். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர்னு பேர் வச்சார். பல வருஷம் உழைச்ச வாரிங்டன் கடைசிப் படியில தவற விட்டார். ஒரு வருஷ இடைவெளியில கோப்பை கைமாறினதைப் படிக்கும்போது நமக்கே சங்கடமா இருக்கு.

காத்திருப்புக்கும் இதுலயே விடை இருக்கு. வயித்துல இருக்கிற ஈ.கோலை நல்ல சாப்பாடு கிடைச்சா 20 நிமிஷத்துல ரெட்டிப்பாகும். இந்தக் கிருமிக்கு அரை நாள், ஒரு நாள், அதுக்கும் மேல ஆகும். பத்துப் பேர்ல ஆரம்பிச்சு கோடிக்கணக்கா ஆகணும்னா எத்தனை தடவை ரெட்டிப்பாகணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

இவ்வளவும் 1890ல் அச்சில் இருக்கு. மீன் வளர்க்கிறவங்க? அசையலை. அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேல புத்தகத்துக்குப் புத்தகம் சமநிலை, ஆக்சிஜன், செடின்னே எழுதிக்கிட்டு இருந்தாங்க. விவசாயியோட கிருமி, சாக்கடை எஞ்சினியரோட கிருமி, வெடியுப்புக் காய்ச்சறவனோட கிருமி. மீன்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு நினைச்சாங்க போல. கடலோரத்துல இருந்த காட்சியகங்களுக்குக் கவலையே இல்லை, எதிரே கடல். நம்ம சென்னை மெரினாவில் 1909ல் திறந்த மீன்காட்சியகம், இந்தியாவிலேயே முதல்னு சொல்வாங்க, அதுக்கும் கடல் வாசலிலேயே. (இரண்டாம் உலகப் போர்ல அது மூடப்பட்டுச்சு.) கடலுக்குத் தூரத்துல, மூடின தொட்டியில வச்சவங்கதான் மாட்டிக்கிட்டாங்க. 1940களின் இறுதியில் நியூயார்க் மீன்காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ் 'சமநிலைத் தொட்டி என்பது கட்டுக்கதை'ன்னு தைரியமா எழுதினார்.

1950களில் சரளைக்கல்லுக்கு அடியில ஓட்டைத் தட்டு வச்சுத் தண்ணியை இழுக்கிற வடிகட்டி பரவுச்சு. வாங்கினவங்க அது அழுக்கை வடிகட்டுதுன்னு நம்பினாங்க. உண்மையில சரளை முழுக்கக் கிருமிக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி. ஸ்லோசிங்கோட குழாய் படுக்க வச்ச மாதிரி! 1961ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், பவளத்திட்டுக் கல்லும் காத்துக் குமிழியும் இருந்தா போதும்னு ஓர் அமெரிக்கப் பத்திரிகையில எழுதினார். காஸோட பாசிக்கல்லேதான். மேற்கே அதைச் சீரியஸா எடுத்துக்க 1980கள் ஆச்சு. நைட்ரஜன் விவகாரத்தை மீன்காட்சியகக்காரங்களுக்குப் புரியற மாதிரி முன்னால தூக்கி வச்சது 1970ல் வந்த ஸ்டீஃபன் ஸ்பாட்டின் புத்தகம். அப்பா வாரிங்டன் கட்டுரைக்கும் இதுக்கும் 120 வருஷம்.

அந்த அறிவு வந்த பிறகும் கடைக்காரங்க ஒரு குறுக்கு வழி வச்சிருந்தாங்க. விலை கம்மியான, கெட்டியான டாம்செல் மீன் நாலை முதல்ல விடுங்க சார், அது செத்தாலும் பரவாயில்லை, தொட்டி 'பழகிடும்'னு. எனக்கு இது சுத்தமா பிடிக்காது. கிருமிக்கு வேண்டியது அம்மோனியா. அதை மீனோட செவுள்லேர்ந்துதான் எடுக்கணும்னு சட்டமா? ஒரு துண்டு இறாலையோ, மணம் எதுவும் சேர்க்காத அம்மோனியாக் கரைசலையோ போட்டு, பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி கல்லை எடுத்துப் போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் வர்ற வரைக்கும் காலித் தொட்டியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கலாம். போரடிக்கும்தான். ஏற்கெனவே மீன் உள்ளே இருந்து மேலே மூச்சு வாங்குதுன்னா, தீனியை நிறுத்து, அதே உப்பளவு, அதே சூட்டுல தண்ணியைப் பாதி மாத்து, காத்தைக் கூட்டு. நைட்ரைட்டுக்குப் பயந்து நடுங்க வேண்டாம். கடல் தண்ணியில இருக்கிற குளோரைடு செவுள்ல அதை உள்ளே விடாம போட்டி போடும். கடல் தொட்டியில முதல் எதிரி அம்மோனியாதான்.

பாட்டில்ல கிருமி வாங்கி ஊத்தினா என்னன்னு கேட்பீங்க. அங்கேயும் ஒரு கூத்து. ரொம்ப வருஷம் பாட்டில் மேல வினோகிராட்ஸ்கி வச்ச அதே ரெண்டு பேருதான். 1998ல் டிமோதி ஹோவனெக் குழு நல்ல தண்ணித் தொட்டிகளோட டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்தா, நைட்ரைட்டைத் தின்னுக்கிட்டு இருந்தது நைட்ரோபேக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா. 2005ல் அடுத்த குண்டு. கடலில் அம்மோனியாவைத் தின்ன பாக்டீரியாவே வேண்டியதில்லை, ஆர்க்கியாங்கற வேற வம்சமே அதைச் செய்யுதுன்னு முதல் முறையா வளர்த்துக் காட்டினாங்க. நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ்னு பேரு. ஆழ்கடல் நுண்ணுயிர்கள்ல பெரும் பங்கு இதோட உறவுக்காரங்க. அதை எங்கேயிருந்து பிடிச்சாங்கன்னு நினைக்கறீங்க? சியாட்டில் மீன்காட்சியகத்துல, ஒரு வெப்பமண்டலக் கடல் மீன் தொட்டியோட அடியில கிடந்த சரளைக்கல்லிலிருந்து.

2015ல் ரெண்டு படியையும் ஒரே ஆளா முடிக்கிற நைட்ரோஸ்பைராவும் கிடைச்சாச்சு. ரெண்டு குழுக்கள் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. அதுல ஒரு குழுவுக்கு அது கிடைச்ச இடம், மீன் பண்ணை ஒண்ணோட வடிகட்டி.